முன் பல் பதின்மூன்று

எடமலைப்பட்டி புதூர்
6.10.2024

பேட்ரிசியாவுக்கு அண்ணன் அமிர்தராஜ் எழுதுவது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று "இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் காது மந்தம்தான். ஆனால் நீ சொன்ன விதத்தில் பிணவறை வரைக்கும் கேட்டிருக்கும். அதன்படி நான் வரவில்லை. போனில் எனக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்கும். ஆகவே எழுதுகிறேன்.

இத்துடன் மூன்று பக்க மனு ஒன்று இருக்கிறது. நுகர்வோர் கோர்ட்டில் கொடுப்பதற்கு. மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும். விழுந்தவர் அவர் என்பதால் அவர் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டார்கள் என்று விசாரித்தேன்.

மனுவில் உள்ளது இதுதான். ஆகஸ்ட் 18 ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மாப்பிள்ளை சந்தியாகுவின் வண்டிக்கு நான் செயினும் முன், பின் பல் சக்கரங்களும் மாற்றினேன். பழைய செயினைப் பின் பல்லிலிருந்து பிடித்து இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரிந்தது. அவ்வளவு தேய்ந்த பிறகும் அதை ஓட்டியது தப்பு. புது சாமான்களைப் பாலக்கரையில் காஜா மைதீன் கடையில் வாங்கினேன். இப்போது கடையை நடத்துவது அவர் மகள் வஹீதா. இருபத்திரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 9 காலையில், ஜீயபுரத்திலிருந்து வாழை இலைக் கட்டுகளோடு வந்தவர் காவிரிப் பாலம் ஏறும் இடத்தில் செயின் கழன்று, சக்கரம் இறுகி, விழுந்தார். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

"உங்க சாமானை எடுத்துட்டுப் போங்க" என்று நீ சாக்கில் கட்டிக் கொடுத்த செயினை மண்ணெண்ணெயில் கழுவி ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தேன். ஒன்றுகூட அறுபடவில்லை. இரண்டு முனையையும் சேர்க்கிற கண்ணியில் ஒரு லாக் இருக்கும். சின்ன மீன் மாதிரி. ஒரு பக்கம் மூடி உருண்டையாக இருக்கும், மறுபக்கம் வாய் பிளந்திருக்கும். வாய்ப் பக்கம் தட்டுப்பட்டால் கழன்றுவிடும் என்பதால் மூடிய பக்கம் முந்திப் போகும்படி மாட்ட வேண்டும். அந்த லாக் மட்டும்தான் காணவில்லை. நல்ல எஃகு லாக் கழன்று போகாது. கடையில் கொடுத்தது மட்டமான சாமான். அந்தத் தெருவில் மூன்று மெக்கானிக்குகளிடம் இதைச் சொல்லிவிட்டேன்.

எனக்குப் பணம் ஒரு பைசா வேண்டாம். தவறு கடைக்காரருடையது என்று எழுத்தில் வேண்டும். ஐடிஐ சான்றிதழ் இல்லை என்று முப்பத்தொரு வருடம் என்னைத் தொழிற்சாலையில் ஹெல்பராகவே வைத்திருந்தார்கள். நேற்றுச் சேர்ந்த பையன் தப்பாக மாட்டியதைக் கழற்றி நான் சரியாக மாட்டுவேன், பெயர் அவனுக்குப் போகும். இந்த வயதில் என் கைவேலையால் என் தங்கச்சி புருஷன் விழுந்தார் என்று ஒருவரும் சொல்ல நான் விட மாட்டேன்.

முன் பல் சக்கரத்தில் 14 பல் இருந்த இடத்தில் நான் 13 பல் போட்டதுதான் காரணம் என்று நீ வராந்தாவில் சொன்னாய். அல்ல.

அமிர்தராஜ்


ஸ்ரீரங்கம்
12.10.2024

அண்ணனுக்கு,

இங்கேயிருந்து உங்கள் வீட்டுக்கு ரெண்டு பஸ். உங்கள் கடிதம் வந்து சேர நாலு நாள். கோபத்தில்கூட அவசரப்படாத ஆள் நீங்கள்தான்.

கையெழுத்து கிடையாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்காமல் மடித்து வைத்தாலும் வைப்பீர்கள்.

மனுவை அவரிடம் கொடுத்தேன். மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு மூன்று பக்கமும் படித்தார். "மச்சான் எழுத்து நல்லா இருக்கு" என்றார். அப்புறம், "பாலம் ஏறுனேன், கீழ கிடந்தேன். நடுவுல என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியாது. தெரியாததுக்கு எப்படி பேட்ரி கையெழுத்துப் போடுறது?" என்று கேட்டார்.

அந்த வஹீதா போன வாரம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனாள். நீங்கள் சொன்ன மூன்று மெக்கானிக்குகளும் இப்போது அவள் கடைக்கு ஆள் அனுப்புவதில்லையாம். அதையும் நான் கேட்டுத்தான் சொன்னாள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பத்து வருஷமாக அந்த வண்டியில் 14 இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. செயின் செட் வாங்கும்போது அதில் இருந்ததும் 14. அந்தப் பெண்ணே "கம்பெனி கணக்கு போதும் பெரியவரே" என்று சொன்னாளாம். நீங்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தனியாக 13 கேட்டு வாங்கினீர்கள். அவரைக் கேட்டீர்களா? மறுநாளே "மச்சான், இன்ஜின் கத்துது" என்று சொன்னார். "கத்தட்டும்" என்றீர்கள். மூணு வாரத்தில் விழுந்துவிட்டார்.

நீங்கள் யாரையும் கேட்க மாட்டீர்கள் அண்ணே. நீங்கள் ரிப்பேர் பண்ணிக் கொடுத்த மிக்ஸி மூடி போடாமலே ஓட ஆரம்பித்ததே, ஞாபகம் இருக்கிறதா? சமையல்கட்டுச் சுவரில் தேங்காய்ச் சட்னி ஒரு மாதம் இருந்தது. அப்போதும் "மிக்ஸி சரி, மூடிதான் தப்பு" என்றீர்கள்.

இப்போது இலை ஷேர் ஆட்டோவில் வருகிறது. நான் நாலு மணிக்கு எழுந்து வாங்கி, துடைத்து, உத்தர வீதி மெஸ்களுக்கு ஆறு மணிக்குள் கொடுக்க வேண்டும். நுனி இலை பாதி கிழிந்து வருகிறது. மெஸ்காரர் நேற்று "சந்தியாகு எப்பங்க வருவார்?" என்று கேட்டார். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

பேட்ரிசியா


எடமலைப்பட்டி புதூர்
17.10.2024

பேட்ரிசியாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? கேட்டுவிட்டேன்.

மிக்ஸியைப் பற்றி இன்றும் என் கருத்து அதுதான்.

14 பத்து வருடம் ஓடியது என்கிறாய். அந்தப் பத்து வருடத்தில் கிளட்ச் தட்டு எத்தனை தடவை மாற்றினீர்கள் என்று மாப்பிள்ளையைக் கேள். நான்கு. மாற்றியது நான், எனக்குத் தெரியும். நூறு சிசி வண்டியில் ஓட்டுகிற ஆளோடு எண்பது கிலோ இலை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறினால் கிளட்ச்சை அரைகுறையாகப் பிடித்துத்தான் ஏற வேண்டும். தட்டு தேயத்தான் செய்யும்.

கணக்கு எளிது. பின் பல் 42. முன் பல் 14 என்றால் முன் பல் சக்கரம் மூன்று சுற்று சுற்றினால் பின் பல் சக்கரம் ஒரு சுற்று. முன் பல் 13 என்றால் மூன்று சுற்றுக்கு மேல் கால் சுற்று கூட வேண்டும். அதனால் இழுவை நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். வேகம் ஏழு பங்கு குறையும். இன்ஜின் கொஞ்சம் கத்தும். இலைக்கு வேகம் எதற்கு? 15 போட்டிருந்தால் நேர்மாறாக ஆகும். மதுரை ரோட்டில் வெறும் வண்டி சுகமாகப் போகும், பாலத்தில் சுமையோடு முக்கும். சுமை தூக்குகிறவருக்கு 13தான். கம்பெனிக்காரன் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வைக்கிறான். அவனுக்கு மாப்பிள்ளையைத் தெரியாது, எனக்குத் தெரியும். 13 போட்டதால் செயின் கழலாது. இதை யாரிடம் வேண்டுமானாலும் கேள்.

செயினைப் பூட்டியதில் ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை. நடந்தபடியே எழுதுகிறேன். அந்த வஹீதாவிடம் காட்ட வேண்டும் என்றாலும் காட்டு.

எப்போதும் செயினுக்கு மேலே இருக்கிற தகரக் காப்பைக் கழற்றிவிட்டு, மேல் பக்கத்தில்தான் பூட்டுவேன். அன்று காப்பின் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. என் இடுப்பும் குனிய விடவில்லை. ஆகவே மணைபோட்டுத் தரையோடு உட்கார்ந்து, கீழ்ப் பக்கத்தில், நடுவில் பூட்டினேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார். சேர்ப்புக் கண்ணியைச் சொருகி, தகட்டை வைத்து, லாக்கை மாட்டினேன். மூடிய பக்கம் வண்டியின் மூக்கைப் பார்த்து இருந்தது. 1984-ல் நானாகக் கற்று நோட்டில் எழுதிவைத்த விதி அது: மூடிய பக்கம் மூக்கைப் பார்க்க வேண்டும். நாற்பது வருடமாக ஒரு தடவையும் நான் அதை மாற்றி மாட்டியதில்லை. மாட்டியபிறகு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். தடங்கலில்லாமல் ஓடியது.

இதில் குறை சொல்ல இடம் இருந்தால் சொல்லச் சொல்.

அமிர்தராஜ்


ஸ்ரீரங்கம்
26.10.2024

அண்ணனுக்கு,

சொன்னபடி காட்டிவிட்டேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டு அவரை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு வஹீதா கடைக்குப் போனேன். கடையில் கூட்டமே இல்லை. அதற்கு யார் காரணம் என்று நான் எழுத வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தை அவள் ஒரு தடவை படித்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் கடைக்குள்ளே போய் ஒரு செயினை எடுத்து வந்து கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"உங்க அண்ணன் எழுத்து ரொம்பத் தெளிவுக்கா."

"தெளிவுக்கு என்ன குறைச்சல், அடுத்தவங்க பேச்சைக் கேக்கத்தான் மாட்டாரு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு கேள்விக்கா. அவர்ட்ட கேட்டு எழுதுங்க. வண்டி முன்னால போறப்ப, மேல் பக்கத்துச் செயின் எந்தப் பக்கம் ஓடும், கீழ்ப் பக்கத்துச் செயின் எந்தப் பக்கம் ஓடும்?"

"என்னம்மா இது, பரீட்சையா?"

"ஆமாக்கா. அவருக்குப் பரீட்சை பிடிக்கும்னு தோணுது."

அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அப்படியே எழுதிவிட்டேன். எனக்கு இதில் என்ன இருக்கிறதென்று புரியவில்லை. அவரிடம் ஆட்டோவில் சொன்னேன். கொஞ்ச நேரம் விரலால் காற்றில் வட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். மாம்பழச் சாலை தாண்டியதும் "பதின்மூணைக் குறை சொல்லாத பேட்ரி. அது நல்லாத்தான் இழுத்துச்சு. பாலத்துல மூணாவது கியர்லயே ஏறுச்சு" என்றார். "அன்னைக்குக் கத்துதுன்னு சொன்னீங்களே?" என்றேன். "கத்துச்சு. பழகிட்டேன்" என்றார். என்ன ஆளுங்க நீங்க ரெண்டு பேரும்.

பல் விஷயத்தில் நான் உங்களைச் சொன்னது தப்பாக இருக்கலாம். அதற்காகக் கையெழுத்து வரும் என்று நினைக்க வேண்டாம்.

பேட்ரிசியா


எடமலைப்பட்டி புதூர்
30.10.2024

பேட்ரிசியாவுக்கு,

கேள்வி கிடைத்தது.

கையெழுத்து வேண்டாம். மனுவைத் திருப்பி அனுப்பு. மூன்று பக்கமும்.

அமிர்தராஜ்


ஸ்ரீரங்கம்
18.11.2024

அண்ணனுக்கு,

மனுவை அன்றைக்கே அனுப்பினேன். கிடைத்ததா இல்லையா என்று ஒரு வரி இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மா கல்லறைக்குப் போனேன். நீங்கள் எனக்கு முன்னால் வந்துவிட்டுப் போயிருந்தீர்கள். சாமந்திப்பூ வைத்து, புல் பிடுங்கி, ஆறு மெழுகுவர்த்தி. மெழுகு இன்னும் இறுகவில்லை. நான் வருவதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்க வாசல் வழியாகப் போனீர்களா? நானும் அதட்டித்தான் பேசினேன், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக அம்மா கல்லறையில்கூட ஒளிந்துகொண்டு போக வேண்டுமா? உடம்புக்கு ஏதாவதா? அதையாவது எழுதுங்கள்.

இப்போது நான் எழுதுவது வேறு விஷயம். இது அவருக்குத் தெரியாது.

மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. கம்பை ஊன்றி நடக்கிறார். பொங்கல் முடிந்து வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். சுமை தூக்கலாமா என்று நான் கேட்டேன். "வேண்டாம்மா, கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். இவருக்கு "ஓட்டலாம்" என்றது மட்டும்தான் கேட்டது. பொங்கல் முடிந்ததும் ஜீயபுரம் போகிறேன் என்கிறார். சொல்லிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். "நீ நாலு மணிக்கு எழுந்திரிக்கிறத நான் படுத்துக்கிட்டே பாக்கணுமா?" என்கிறார். அறுபத்திரண்டு வயதில் இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் அண்ணே. இலை ஆட்டோவிலேயே வரட்டும். கிழிந்தால் கிழியட்டும்.

வண்டிக்குப் புதுச் செயினும் பல்லும் மாற்ற வேண்டும் என்கிறார். நீங்கள்தான் மாட்ட வேண்டுமாம். போன மாதம் நீங்கள் எழுதிய கடிதத்தில் இருந்த பல் கணக்கை நான் மறுபடி மறுபடி படித்தேன். 15 போட்டால் வெறும் வண்டி சுகமாகப் போகும், சுமையோடு ஏறாது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவருக்கு 15 போட்டுவிடுங்கள். 13 என்று சொல்லிவிடுங்கள். அவர் எண்ணிப் பார்க்க மாட்டார், நீங்கள் சொன்னால் நம்புவார். ரெண்டு நாள் பாலத்தில் ஏறாமல் நின்றால் "வயசாயிடுச்சு, வண்டிக்கும் எனக்கும்" என்று அவரே விட்டுவிடுவார். சந்தையில் சாமான் வாங்க, கோயிலுக்குப் போக மட்டும் ஓட்டட்டும்.

உங்களிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. இது ஒன்று.

பேட்ரிசியா


எடமலைப்பட்டி புதூர்
24.11.2024

பேட்ரிசியாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கல்லறையில் உன்னைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். உன் முகத்தைப் பார்க்க முடியாததற்குக் காரணம் கீழே இருக்கிறது. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டு. நீ கேட்ட காரியமும் இதில் இருப்பதால் நடுவில் நிறுத்துவாய். நிறுத்தாமல் வாசி.

அவர் விழுந்தது என்னால்.

வஹீதாவின் கேள்வி வந்த அன்று என் சைக்கிளைக் கவிழ்க்காமல் ஸ்டாண்டில் நிறுத்தி, செயினில் மேலே ஒரு சிவப்பு நூலும் கீழே ஒரு சிவப்பு நூலும் கட்டி, பெடலைச் சுற்றினேன். மேல் நூல் முன்னால் போனது. கீழ் நூல் பின்னால் போனது. செயின் வட்டமாகச் சுற்றுகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் நோட்டில் "மூடிய பக்கம் மூக்கைப் பார்க்க" என்று எழுதியிருக்கிறேன். "மூடிய பக்கம் ஓடுகிற திசையைப் பார்க்க" என்று எழுதியிருக்க வேண்டும். மேல் பக்கத்தில் பூட்டும்வரை இரண்டும் ஒன்றுதான். கீழ்ப் பக்கத்தில் பூட்டினால் நேர் எதிர். அன்று நான் கீழே பூட்டினேன், லாக்கின் மூடிய பக்கத்தை மூக்குப் பக்கம் வைத்தேன். அப்போது வாய்தான் முந்திப் போகும். இருபத்திரண்டு நாளில் ஏதோ ஒன்று தட்டியிருக்கிறது. நல்ல லாக்தான். மாட்டியது தப்பு.

நோட்டில் நான் மாற்றிய செயின்கள் அத்தனைக்கும் குறிப்பு இருக்கிறது. அறுபத்து மூன்று. ஒவ்வொன்றையும் எந்தப் பக்கம் பூட்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அறுபத்திரண்டு மேல் பக்கம். உன் வீட்டு வண்டி மட்டும் கீழ்ப் பக்கம். சந்தேகமாக இருந்த இரண்டு வண்டிகளைக் கைலாசபுரம் போய் நேரில் பார்த்துவிட்டு வந்தேன். சரியாக இருந்தன. இதற்கெல்லாம்தான் நாள் ஆனது. பாதி நாள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தும் இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பாலக்கரைக்குப் போனேன். முதலில் மூன்று மெக்கானிக்குகளிடமும் போய், காஜா மைதீன் கடைச் சாமான் நல்லது, நான்தான் திருப்பி மாட்டினேன் என்று சொன்னேன். இரண்டு பேர் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். மூன்றாமவன் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "எங்கப்பா இருந்திருந்தா அவர் முன்னாடி இதைச் சொல்லச் சொல்லியிருப்பேன் பெரியவரே, சாகுற வரைக்கும் நல்ல கைவேலைக்கு உங்களைத்தான் உதாரணமாச் சொன்னாரு" என்று கத்தினான். தெருவே கேட்டது. கேட்கட்டும் என்று நின்றேன்.

அப்புறம் வஹீதா கடைக்குப் போனேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மனுவின் மூன்று பக்கத்தையும் அவள் முன்னால் கிழித்தேன். அவள் பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பில் புத்தகத்தில் எழுதிக் காட்டினாள்: "டீ சாப்பிடுறீங்களா?" சாப்பிட்டேன். "தெரிந்தும் என் தங்கச்சியிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். எழுதினாள்: "சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?" மாட்டேன் என்றேன். அதுதான் உண்மை.

இனி நீ கேட்டது. 15 போட்டு 13 என்று சொல்ல மாட்டேன். அவர் எண்ணிப் பார்க்க மாட்டார், நான் சொன்னால் நம்புவார் என்று எழுதியிருக்கிறாய். அன்று டார்ச் பிடித்தபோதும் அப்படித்தான் நம்பினார். ஏற்றத்தில் சுமையோடு வண்டி நின்றால் அங்கேயே நிற்காது. பின்னால் உருளும். முதல் தடவை நான் தெரியாமல் அவரை விழவைத்தேன். இன்னொரு தடவை தெரிந்தே விழவைக்கச் சொல்கிறாய். பயத்தில் கேட்டாய் என்பது புரிகிறது. முடியாது.

மாப்பிள்ளைக்கு: அவள் கேட்டதை மறைக்காமல் எழுதிவிட்டேன். அவள்மேல் கோபப்பட வேண்டாம். நாலு மணிக்கு எழுந்திருப்பதைவிட உங்களை மறுபடி ஆஸ்பத்திரியில் பார்ப்பது அவளுக்குக் கஷ்டம்.

வஹீதா கடையில் முன் பல் 13 ஒன்றும் 15 ஒன்றும் உன் பெயருக்கு எடுத்து வைத்திருக்கிறேன். செயினும் பின் பல்லும் புதிது. சுமை ஏற்றுவதாக இருந்தால் 13. ஏற்றுவதில்லை என்று இருந்தால் 15. நீங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. எழுத மாட்டேன். யார் மாட்டுவது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். என்னை வேண்டாம் என்றால் அது நியாயம்.

அமிர்தராஜ்


ஸ்ரீரங்கம்
8.12.2024

அண்ணனுக்கு,

நிறுத்தாமல் வாசித்தேன். நான் கேட்டது வந்த இடத்தைக்கூட விடாமல் வாசித்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "என்னை ஏமாத்தப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். "ஆமா" என்றேன். "மச்சான்ட்ட போய்க் கேட்டியே, அதான் தப்பு. வேற மெக்கானிக்கா இருந்தா செஞ்சிருப்பான்" என்றார். அப்புறம்தான் சிரித்தார்.

லாக் விஷயம் அவருக்கு அன்றைக்கே, ஆட்டோவிலேயே தெரிந்துவிட்டதாம். ஒரு மாதமாகத் தெரிந்துகொண்டே படுத்திருக்கிறார், என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "காப்பு போல்ட்டுக்கு ரெண்டு வருஷமா எண்ணெய் விடாதது நான். துருப்பிடிக்காம இருந்திருந்தா மச்சான் வழக்கம்போல மேலதான் பூட்டியிருப்பாரு. பாதித் தப்பு எம்மேலயும் இருக்கு" என்றார்.

போன சனிக்கிழமை ரெண்டு பேருமாக வஹீதா கடைக்குப் போனோம். கடையில் மூணு பேர் சாமான் வாங்க நின்றிருந்தார்கள், அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. அவள் 13-ஐயும் 15-ஐயும் தாள் விரித்து வைத்தாள். இவர் 13-ஐக் கையில் எடுத்தார். நான் 15-ஐ எடுத்துக்கொண்டேன்.

"எண்பது கிலோ தூக்க மாட்டேன், போதுமா?" என்றார்.

"எவ்வளவு தூக்குவீங்க?"

"பாதி. மெஸ்ஸுக்கு மட்டும். கல்யாண மண்டபத்துக்கு ஆட்டோவுல வரட்டும்."

"பாதின்னா நாப்பது. முப்பது."

"முப்பத்தஞ்சு."

வஹீதா சிரித்துவிட்டாள். "முப்பத்தஞ்சு கிலோவுக்குப் பதின்மூணும் வேணாம், பதினஞ்சும் வேணாம்க்கா" என்று சொல்லி உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தாள். ஆகஸ்ட் மாதம் நீங்கள் "இது எனக்கு வேணாம்" என்று செட்டிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்த அதே 14. உங்கள் பெயர் எழுதி வைத்திருக்கிறாள், யாருக்கும் விற்கவில்லையாம்.

14-ஐ வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

மாட்டுவது யார் என்று கேட்டீர்கள். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்கிறார். வராந்தாவில் சொன்னதை நான் திருப்பி எடுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்க. இட்லி ஊற்றுகிறேன். சட்னி அம்மியில்தான்.

பேட்ரிசியா


எடமலைப்பட்டி புதூர்
11.12.2024

பேட்ரிசியாவுக்கு,

14 தவறு. முப்பத்தைந்து கிலோ என்று சொல்வார், ஒரு மாதத்தில் ஐம்பது ஆகும், அப்போது 13 கேட்பார். அந்த 13-ஐயும் 15-ஐயும் கடையிலேயே விட்டுவிடாதே, வாங்கி வா. துடைத்து எண்ணெய் பூசித் தாளில் சுற்றி வை.

பாதித் தப்பு தன்மேல் என்று மாப்பிள்ளை சொன்னதை நான் ஏற்கவில்லை. போல்ட் துருப்பிடித்தது போல்ட்டின் விஷயம். லாக்கை மாட்டியது என் கை. அவர் பெருந்தன்மைக்காக நான் கணக்கை மாற்ற முடியாது. அவரிடம் சொல்லிவிடு.

இந்தக் கடிதம் வந்த அன்றைக்கே காப்பு போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு ஊற வைக்கச் சொல். மறுநாள் ஒரு தடவை, சனிக்கிழமை ஒரு தடவை. இந்தத் தடவை காப்பைக் கழற்றித்தான் பூட்டுவோம்.

நோட்டில் விதியை அடித்துவிட்டு மாற்றி எழுதிவிட்டேன்.

22-ம் தேதி ஞாயிறு காலை பூசை முடிந்து எட்டு மணிக்கு வந்துவிடுவேன். செயினையும் பல்லையும் நான் ஏற்றுகிறேன். லாக்கை மாப்பிள்ளை மாட்டட்டும். அவருக்குக் கால்தான் சரியில்லை, கை நன்றாக இருக்கிறது. எந்தப் பக்கம் என்று அவருக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கி வருகிறேன். நான் பிடிக்கிறேன்.

அண்ணன்
அமிர்தராஜ்